படம் போய்ச் சேர்ந்த முகவரி
புரட்சிக்குப் பிந்திய அல்ஜீரியாவும் கமெராவின் கண்ணும்

1

1960ஆம் ஆண்டு. அல்ஜியர்ஸ் நகருக்குத் தென்கிழக்கே, பிரெஞ்சுக்காரர் ஒமால் என்று பெயர் சூட்டியிருந்த பகுதியின் மலைக்கிராமங்கள். வெள்ளையடித்த வீட்டுச் சுவரையொட்டி ஒரு முக்காலி போடப்பட்டிருக்கிறது. கிராமத்துப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அதில் அமர்கிறார்கள். சுற்றிலும் ஆயுதம் தாங்கிய படையினர். முகத்தை மறைத்திருக்கும் துணியை நீக்கும்படி கட்டளை பிறக்கிறது. எதிரே கமெராவுடன் நிற்பவர் மார்க் கராஞ்சே. கட்டாய இராணுவ சேவைக்காகப் பிரான்ஸிலிருந்து அழைத்துவரப்பட்ட இளைஞர்; அந்த யுத்தத்தை மனதார வெறுத்தவர். ஆனாலும் கட்டளை கட்டளைதான். 10 நாட்களுக்குள் ஏறத்தாழ 2000 பேரை அவர் படம் பிடித்தார். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

எதற்காக? அடையாள அட்டைக்காக. விடுதலைப் போராளிகளுக்கு உணவும் உறைவிடமும் கிடைத்துவிடக் கூடாதென்று மலைக்கிராமங்களிலிருந்து மக்களை அள்ளிக்கொண்டுவந்து முட்கம்பிக்குள் குடியேற்றிய காலம் அது. 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் அவ்வாறு இடம்பெயர்க்கப்பட்டனர். யார் எங்கே போகிறார், எங்கே வருகிறார் என்று கணக்கு வைத்துக்கொள்ள இராணுவத்துக்கு ஒவ்வொருவரின் முகமும் தேவைப்பட்டது. அடையாள அட்டை என்ற சொல்லின் பாரம் என்னவென்று இந்நாட்டு வாசகருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் அந்தக் கண்களை மறக்கமாட்டார்கள். அதில் அச்சம் உண்டு. அதைவிடக் கோபம் உண்டு. சில முகங்களில் அலட்சியம். வாய் திறக்க முடியாத இடத்தில் பார்வை பேசியது. அதை உணர்ந்த முதலாவது ஆளும் படம் எடுத்தவரேதான். 1966இல் அப்படங்களுக்காகப் பிரான்ஸின் நியப்ஸ் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. 1982இல் அவை நூலாக வெளிவந்தன. பாரிஸின் கலாரசிகர்கள் பார்த்தார்கள், விமர்சகர்கள் எழுதினார்கள். முக்காலியில் அமர்ந்த பெண்களிடம் மட்டும் அப்படங்கள் போகவில்லை.

இக்கட்டுரை கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: ஒரு நாடு விடுதலை பெறுகிறது. மண் திரும்பக் கிடைக்கிறது, கொடி மாறுகிறது. தன் முகம்? அதுவும் கூடவே திரும்பக் கிடைத்துவிடுகிறதா? 1962இன் பின் அல்ஜீரியாவின் அன்றாட வாழ்வையும் கலைகளையும் கடற்கரைகளையும் கமெரா எப்படிப் பார்த்தது, அப்படங்கள் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்பதைத் தொடர்ந்து போனால் விடையின் ஒரு பகுதியாவது கிட்டும்.

2

பிரெஞ்சுப் படைகள் 1830 ஜூன் 14ஆம் திகதி, அல்ஜியர்ஸுக்கு மேற்கேயுள்ள ஸீதி ஃபரஜ் கடற்கரையில் இறங்கின. இரண்டு வருடங்களின் பின் ஓவியர் தெலக்ருவா அல்ஜியர்ஸுக்கு வந்தார். ஒரு வீட்டின் பெண்கள் பகுதிக்குள் நுழைய அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதன் விளைவாக 1834இல் அவர் காட்சிக்கு வைத்த 'அல்ஜியர்ஸின் பெண்கள்' ஓவியம், ஐரோப்பா அந்நாட்டைப் பார்க்கும் சாளரமாகிப் போனது. 1839இல் புகைப்படக்கலை பிரான்ஸில் அறிவிக்கப்பட்டபோது, படையெடுப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆக, துப்பாக்கியும் கமெராவும் அந்நாட்டுக்கு ஏறக்குறைய ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்தவை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படத் தபாலட்டை யுகம் வந்தது. அல்ஜியர்ஸின் ஸ்டூடியோக்களிலே பின்திரை கட்டி, பாய் விரித்து, கூலிக்கு அமர்த்தப்பட்ட ஏழைப் பெண்களை நகையணிவித்து, பாதி ஆடை களைந்து, 'மூர்ப் பெண்', 'அந்தப்புர அழகி' என்று கீழே எழுதி விற்றார்கள். வீதியிலே கண்ட பெண்ணின் திரையை விலக்க முடியாத ஐரோப்பியன், ஸ்டூடியோவுக்குள் தன் கற்பனைக்கு வேண்டிய பெண்ணைச் செய்துகொண்டான். ஓரானிலே பிறந்த கவிஞர் மாலிக் அல்லூலா 1981இல் வெளியிட்ட 'காலனித்துவ அந்தப்புரம்' என்ற நூலில் இவ்வட்டைகளை ஒன்றுதிரட்டி, அவற்றின் பொய்யைத் தோலுரித்துக் காட்டினார். அந்த அட்டைகள் அனைத்தும் தபாலில் போனவை. அவற்றை அனுப்பியவனும் பெற்றவனும் அப்பெண்ணின் பெயரை அறியார்கள். அவளோ தன் படம் எந்தக் கடலைத் தாண்டிப் போகிறது என்பதை அறியாள்.

இது அல்ஜீரியாவுக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல. அதே காலத்தில் கொழும்பில் அச்சான தபாலட்டைகளில் ரொடியாப் பெண்கள் எவ்வாறு காட்டப்பட்டார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, அல்லூலாவின் நூல் அந்நியமாய்த் தோன்றாது.

எம்மவரிடையே உருவப்படம் ஆகுமா ஆகாதா என்ற மார்க்க விவாதம் நெடுங்காலம் நடந்திருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும் என்ற நிலை வந்ததும் அது மெல்லத் தணிந்தது. ஆனால் அல்ஜீரியப் பெண் கமெராவுக்கு முகம் திருப்பியதை அந்த விவாதத்துக்குள் மட்டும் அடக்கிவிட முடியாது. அங்கே கேள்வி, படம் எடுக்கலாமா என்பதல்ல; யார் கட்டளையில், யாருக்காக என்பதே. 1958 மே மாதம் அல்ஜியர்ஸின் பொதுச் சதுக்கத்தில் பிரெஞ்சு இராணுவத்தின் அனுசரணையோடு முஸ்லிம் பெண்களின் திரையை நீக்கும் வைபவங்கள் நடத்தப்பட்டன. அவையும் கமெராவுக்காகவே நடத்தப்பட்டவை. பெண்ணின் விடுதலை என்ற பெயரில் அடிமைப்படுத்தியவன் எடுத்த படம் அது. மறு ஆண்டு ஃபிரான்ஸ் ஃபனோன் எழுதிய நூலின் முதற் கட்டுரை இந்தத் திரையைப் பற்றியதாக அமைந்தது தற்செயலன்று.

3

1954 நவம்பர் 1ஆம் திகதி தொடங்கிய போர், துப்பாக்கியோடு தன் சொந்தக் கமெராவையும் தேடியது. அப்படிக் கிடைத்தவர்களுள் முதன்மையானவர் முஹம்மத் குவாஸி. 1922இல் ப்ளிதாவில் பிறந்தவர். தூனிஸில் இயங்கிய இடைக்கால அரசின் தகவல் அமைச்சில் புகைப்படப் பிரிவைப் பொறுப்பேற்றார். விடுதலை இயக்கத்தின் பத்திரிகையான 'அல்-முஜாஹித்' இதழுக்குப் படங்களை வழங்கினார். எல்லையோர அகதிகளையும் போராளிகளையும் அவருடைய கமெரா பதிவுசெய்தது. அல்ஜீரியரை அல்ஜீரியர் ஒருவர், அவர்களின் பக்கத்திலே நின்று பார்த்தார்.

யூகோஸ்லாவியாவிலிருந்து ஸ்டெவான் லபுடோவிச் என்ற ஒளிப்பதிவாளர் 1959இல் தலைவர் டிட்டோவினால் அனுப்பப்பட்டார். மூன்று ஆண்டுகள் போராளிகளோடு நடந்து, அவர்கள் உறங்கிய இடத்தில் உறங்கிப் படம் பிடித்தார். ரெனே வோத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் தன் நாட்டின் சட்டத்தை மீறி 1958இல் 'தீயில் எரியும் அல்ஜீரியா' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இப்படங்களின் முகவரி உலகம். அல்ஜீரியாவில் நடப்பது 'ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கை' என்று பிரான்ஸ் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, அது ஒரு தேசத்தின் போர் என்று ஐக்கிய நாடுகள் சபைக்கும் நட்பு நாடுகளுக்கும் காட்ட வேண்டியிருந்தது.

எதிரி எடுத்த படமும் சிலவேளை எதிரியைக் கைவிட்டது. 1957 பெப்ரவரியில் கைதான தலைவர் லர்பி பென் மஹீதியைப் பிரெஞ்சுப் படையினர் பத்திரிகையாளர் முன் நிறுத்தினார்கள். கையில் விலங்கு; முகத்தில் புன்னகை. சில நாட்களில் அவர் காவலிலேயே கொல்லப்பட்டார். தற்கொலை என்றது பிரான்ஸ். கொன்றது நாமே என்று ஜெனரல் ஓஸாரெஸ் 2001இல் எழுதினார். பிரெஞ்சு ஜனாதிபதி அதை ஏற்றுக்கொள்ள 2024 நவம்பர் வரை சென்றது. ஆனால் அந்தப் புன்னகையை அல்ஜீரியர் அன்றே தமதாக்கிக்கொண்டார்கள். தோற்றவனின் படமென்று எடுக்கப்பட்டது, வென்றவனின் படமாயிற்று.

1962 ஜூலை. மூன்று நாட்களோ நான்கு நாட்களோ, அல்ஜியர்ஸ் உறங்கவில்லை. மார்க் ரிபூ உள்ளிட்ட வெளிநாட்டுப் புகைப்படக்காரர்களும் குவாஸியும் எடுத்த அந்நாட்களின் படங்களில் லொறிகளின் கூரையிலும் கார்களின் மீதும் இளைஞர்கள். வெள்ளை ஹாயிக் போர்த்திய பெண்கள் கொடியேந்தி வீதி நிறைந்து நிற்கிறார்கள். போட்டிருப்பது அதே ஹாயிக்தான். ஆனால் பார்வை வேறு. இரண்டு வருடங்களுக்கு முன்னர் முக்காலியில் அமர்ந்திருந்த பெண்ணுக்கும் இவளுக்கும் இடையே ஒரு தேசம் பிறந்திருந்தது. கமெராவை யாரும் அவர்கள் மீது திணிக்கவில்லை. அவர்களே அதனை நோக்கி வந்தார்கள்.

4

விழா முடிந்த மறுநாள் என்ன செய்வது? ஏறத்தாழ ஏழரை ஆண்டுப் போர். மடிந்தோர் 15 இலட்சம் என்பது அல்ஜீரிய அரசின் கணக்கு. வரலாற்றாசிரியர் பலர் அதைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள். எந்தக் கணக்கிலும் சாவு விழாத வீடு அரிது. ஐரோப்பியக் குடியேறிகளில் பெரும்பாலானோர் அந்த ஆண்டிலேயே கப்பலேறிவிட்டார்கள். போகும் முன் அவர்களுள் இருந்த தீவிரவாதிகள் ஜூன் 7ஆம் திகதி அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். படிக்கத் தெரிந்தோர் குறைந்த அந்நாட்டில் புதிய ஆட்சி மக்களோடு பேசக் காட்சியையே பெரிதும் நம்பியது. வோத்தியே அல்ஜியர்ஸில் தங்கி ஓர் ஒளி-ஒலி நிலையத்தைத் தொடங்கினார். இளம் அல்ஜீரியர்கள் அங்கே பயின்றார்கள். திரைப்படங்கள் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1964இல் சினிமா தேசியமயமாக்கப்பட்டது. தேசியத் திரைப்படக் காப்பகமும் நிறுவப்பட்டது. நாட்டின் படம் நாட்டு மக்களிடமே போக வேண்டும் என்ற எண்ணம் அப்போது உண்மையாகவே இருந்தது.

1965 ஜூன் 19 அதிகாலை, கர்னல் பூமதியனின் தாங்கிகள் அல்ஜியர்ஸ் வீதிகளில் ஊர்ந்தபோது, 'அல்ஜியர்ஸ் போர்' படத்துக்கான படப்பிடிப்பு என்று மக்கள் எண்ணிக்கொண்டதாகச் சொல்வார்கள். ஜனாதிபதி பென் பெல்லா பதவி கவிழ்க்கப்பட்டது பின்னர்தான் தெரிந்தது. அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற அப்படத்தில், போரை நடத்திய யாஸிஃப் ஸஅதி தயாரிப்பாளராகவும் நடிகராகவும் இருந்தார். செய்திப்படம் போலவே தோன்றும் அதில் ஓர் அடிகூட உண்மைச் செய்திப்படம் இல்லை என்று தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டியிருந்தது. நடந்ததற்கும் நடித்ததற்கும் இடையிலான கோடு மங்கத் தொடங்கிவிட்டதன் அறிகுறி அது. புரட்சி தன்னையே அரங்கேற்றிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

இவ்வேளையில்தான் உல்லாசப் பயணத்துறை வருகிறது. அந்நியச் செலாவணி வேண்டும், தொழில் வேண்டும், அயலிலே மொரோக்கோவும் தூனிஸியாவும் கடற்கரைகளை விற்கத் தொடங்கியிருந்தன. 1966இல் அல்ஜீரியா தனது உல்லாசப் பயணத்துறைச் சாசனத்தை வெளியிட்டது. அதே 1966இல்தான் இலங்கையிலும் உல்லாசப் பயணச் சபைக்கான சட்டம் வந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். விடுதலைபெற்ற நாடுகள் பலவற்றுக்கும் ஒரே காலத்தில் ஒரே மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டது.

கட்டும் பொறுப்பு ஃபெர்னான்ட் பூயோன் என்ற பிரெஞ்சுக் கட்டிடக்கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1950களில் காலனித்துவ நகரசபைக்காக அல்ஜியர்ஸில் பெரும் குடியிருப்புகளைக் கட்டியவர் அவர். பின்னர் பிரான்ஸில் ஒரு வீடமைப்பு நிதி வழக்கில் சிறை சென்று, விடுதலையானதும் அல்ஜீரியாவுக்கே திரும்பினார். கடற்கரையோரம் ஸீதி ஃபரஜ், ஸெரால்தா, திபாஸா. பாலைவனத்தில் திமிமூன், கர்தாயா என்று நாடெங்கும் அவருடைய ஹோட்டல்கள் எழுந்தன. வளைவுகள், முற்றங்கள், மாடங்கள், வெள்ளைச் சுவர்கள். பழைய முஸ்லிம் துறைமுக நகரொன்று நேற்றுத்தான் கடலிலிருந்து எழுந்ததைப் போன்ற தோற்றம். அழகில் குறையேதும் சொல்ல முடியாது.

ஆனால் இடத்தைப் பாருங்கள். ஸீதி ஃபரஜ்: 1830இல் பிரெஞ்சுப் படை இறங்கிய அதே கரை. அங்கேதான் சுதந்திர அல்ஜீரியா தன் உல்லாசப் படகுத்துறையை அமைத்தது. அன்று ஆயுதத்தோடு வந்தவன் இன்று பயணப்பையோடு வரட்டும், விருந்தினனாக வரட்டும், எங்கள் நிபந்தனைப்படி வரட்டும் என்று சொல்வதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த விருந்தினனுக்காக அச்சிட்ட புதிய தபாலட்டைகளில் இருந்தது என்ன? நீலக்கடல், வெள்ளை மாடம், ஈச்சமரம், ஒட்டகம். காலனித்துவ அட்டையின் அரைநிர்வாணப் பெண் போய்விட்டாள். அது பெரும் வெற்றி. ஆனால் அவள் இருந்த இடத்தில் வேறு யாரும் வந்து அமரவில்லை. சந்தையில் நிற்பவன், பாடசாலைக்கு ஓடும் பிள்ளை, கஸ்பாவின் குறுகிய படிக்கட்டில் தண்ணீர் சுமப்பவள் — அன்றாட அல்ஜீரியாவுக்கு அந்த அட்டையில் இடம் இல்லை. பெறுநர் முகவரி இன்னும் ஐரோப்பாதான்.

5

கமெராவுக்கு நிபந்தனை விதித்த ஒரு சமூகமும் அந்நாட்டில் உண்டு. ஸஹாராவின் விளிம்பிலே மிஸாப் பள்ளத்தாக்கின் ஐந்து ஊர்கள், 11ஆம் நூற்றாண்டு முதல் இபாழிய்யா முஸ்லிம்கள் கட்டியெழுப்பியவை. லு கொர்பூஸியே முதலான கட்டிடக்கலைஞர்கள் அவற்றைத் தேடிப்போய் வியந்தார்கள். 1982இல் அப்பள்ளத்தாக்கு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் பெனீ இஸ்குன் என்ற ஊருக்குள் அந்நியர் வழிகாட்டியின்றி நுழைய முடியாது. ஊராரைப் படம் எடுக்கவும் அனுமதி இல்லை. அவ்வூர்களின் மணமான பெண்கள் ஹாயிக்கின் மடிப்பினூடே ஒற்றைக் கண் மட்டும் தெரிய வீதியில் நடப்பார்கள். அவள் உலகத்தைப் பார்க்கிறாள். உலகம் அவளைப் பார்ப்பதில்லை.

இதைப் பிற்போக்கென்று ஒரு வரியில் தள்ளிவிடுவோர் உண்டு. தபாலட்டையின் வரலாற்றைப் படித்த பின் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. வருகின்றவனை வரவேற்றுவிட்டு, 'கமெராவை மூடிக்கொள்' என்று சொல்லும் உரிமையும் விடுதலையின் ஒரு பங்குதான். அதேவேளை அந்த உரிமையைப் பிரயோகிப்பவர் ஊரின் ஆண்களா, அந்தப் பெண்ணேதானா என்ற கேள்வியும் மறைந்துவிடாது. ஒரு கட்டளைக்குப் பதில் இன்னொரு கட்டளை வந்தால் முக்காலி இடம் மாறியிருக்கிறதே தவிர அகற்றப்படவில்லை.

இதற்கு நேரெதிரான காட்சி 1969 ஜூலை 21 முதல் ஓகஸ்ட் 1 வரை நடந்த முதலாவது பான்-ஆபிரிக்கக் கலாசார விழா. ஆபிரிக்கா முழுவதிலுமிருந்து கலைஞர்கள் அல்ஜியர்ஸின் வீதிகளில் ஆடிப்பாடி ஊர்வலம் போனார்கள். மிரியம் மக்கேபா, நீனா ஸிமோன் பாடினார்கள். அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர் ஆர்ச்சி ஷெப் துவாரெக் இசைஞர்களோடு ஒரே மேடையில் வாசித்தார். வில்லியம் க்ளைன் இவ்விழாவைப் படமாக்கினார். அதில் மனதைக் கவர்வது மேடையைவிட வீதியே. பால்கனிகளிலும் நடைபாதைகளிலும் நின்று பார்க்கும் சாதாரண அல்ஜீரியர்கள். அவர்களின் சிரிப்பு, வியப்பு. தங்கள் நகரம் ஒரு கண்டத்தின் தலைநகராகிவிட்டது என்ற பெருமிதம். நான்கு வருடங்களின் பின், 1973இல், அணிசேரா நாடுகளின் நான்காவது உச்சிமாநாடும் அல்ஜியர்ஸில் நடந்தது. 1976இல் ஐந்தாவது மாநாடு கொழும்புக்கு வந்தபோது அத்தகைய பெருமிதத்தின் ஒரு சாயலை எமது மூத்த தலைமுறையும் கண்டிருக்கிறது.

எனினும் விழா என்பது விழாதான். அது முடிந்ததும் பார்வையாளர் வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது?

6

வீட்டுக்குள் போனவர் ஒரு பெண். நாவலாசிரியை அஸியா ஜெபார், 1977இல் அல்ஜீரியத் தொலைக்காட்சிக்காக 'ஷெனூவா மலைப் பெண்களின் நௌபா' என்ற படத்தை இயக்கினார். திபாஸாவுக்கு அருகேயுள்ள அம்மலை அவருடைய தாய்வழி மண். அங்கேயுள்ள முதிய பெண்களிடம் போய், போர்க்காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், யாரை இழந்தீர்கள் என்று கேட்டார். அவர்கள் வீட்டு வாசலில் அமர்ந்து, அடுப்படியில் நின்று, வேலைக்கு நடுவே சொன்னார்கள். போர்வீரர் சிலை இல்லை, கொடி இல்லை. காதால் கேட்கும் படம் என்று அதைச் சொல்லலாம். போருக்குப் பின்னர் தேசம் மறந்துபோன அன்றாடம் அங்கே இருந்தது.

உள்நாட்டில் அதற்குக் கிடைத்த வரவேற்பு கசப்பானது. 1978இல் அல்ஜியர்ஸ் காப்பகத்தில் காட்டப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. வீரகாவியத்தை எதிர்பார்த்தவர்களுக்குக் கிழவிகளின் முணுமுணுப்புப் பிடிக்கவில்லை. மறு ஆண்டு வெனிஸ் விழாவில் விமர்சகர் பரிசு அதற்குக் கிடைத்தது. இங்கேயும் அந்த முரண்தான்: படம் உள்ளூர்ப் பெண்களுக்காக எடுக்கப்பட்டது, மதித்தது ஐரோப்பா. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட படம் அது. சினிமாக் கொட்டகைக்குப் போகாத பெண்கள் தம் வீட்டுக்குள் இருந்தே பார்க்கக்கூடிய ஒன்று. அல்ஜீரியப் பெண்ணின் படத்தை அல்ஜீரியப் பெண்ணின் முகவரிக்கே அனுப்ப நினைத்தவர் ஜெபார்.

1982இல் அவர் 'ஸெர்தா, அல்லது மறதியின் பாடல்கள்' என்ற இரண்டாவது படத்தை உருவாக்கினார். மஃரிப் நாடுகளைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர் 1912 முதல் 1942 வரை எடுத்த செய்திப்படச் சுருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் மீது வேறு குரல்களை ஏற்றினார். எழுத்தில் உடனிருந்தவர் அவருடைய கணவர். தபாலட்டைகளை ஆராய்ந்த அதே மாலிக் அல்லூலா. ஒருவர் அட்டைகளையும் மற்றவர் சுருள்களையும் கையிலெடுத்து, களவுபோன முகங்களை மீட்க முயன்ற வீடு அது. அனுப்பியவனிடமே திரும்ப அனுப்பப்பட்ட தபால் என்று அவ்விரு படைப்புகளையும் சொல்லலாம்.

அதே ஆண்டுகளில் வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். குடும்பச் சட்ட வரைபை எதிர்த்து 1981இல் அல்ஜியர்ஸில் பெண்கள் வீதிக்கு வந்தபோது, அவர்களோடு போர்க்களத்தில் நின்ற முன்னாள் முஜாஹிதாக்களும் வந்தார்கள். 1984இல் சட்டம் நிறைவேறியது. 1962 ஜூலைப் படங்களில் லொறியின் மேல் நின்ற பெண்களை ஆண்டுதோறும் சுதந்திர தினத்தில் பத்திரிகைகள் அச்சிட்டன. உயிரோடிருந்த அதே பெண்களின் பேச்சைக் கேட்பதற்கோ ஆட்கள் குறைவாயிருந்தார்கள். படம் கௌரவிக்கப்பட்டது, படத்திலிருந்தவர் காத்திருந்தார். அல்ஜீரியா மட்டுமல்ல, புரட்சி நடந்த நாடுகள் பலவற்றிலும் இது நிகழ்ந்திருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் எண்ணெய் தேசியமயமானதும் அரசின் கவனம் உல்லாசப் பயணத்துறையை விட்டு விலகியது. 1990களின் உள்நாட்டுப் போரோடு வெளிநாட்டுப் பயணிகளின் வரவும் பெரும்பாலும் நின்றுபோனது. பூயோனின் வெள்ளை மாடங்களில் உப்புக்காற்று படிந்தது. ஆனால் கோடைக்காலத்தில் ஸீதி ஃபரஜுக்கும் திபாஸாவுக்கும் இன்று குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள் அல்ஜீரியர்களே. வெளிநாட்டானுக்காகக் கட்டியது உள்ளூர்ப் பிள்ளைகளின் கடற்கரையாகியிருக்கிறது. தங்கள் படங்களைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். சாசனத்தில் எழுதப்படாத இந்த முடிவைத் தோல்வி என்று சொல்ல மனம் வரவில்லை.

7

இனி, முதலில் விட்டுவந்த முக்காலிக்குத் திரும்புவோம்.

2004இல் மார்க் கராஞ்சே மீண்டும் அல்ஜீரியாவுக்குப் போனார். 44 வருடங்களின் பின் அதே கிராமங்களுக்கு, அதே படங்களோடு. அப்பெண்களிற் சிலர் உயிரோடிருந்தார்கள். கட்டளையிட்டுப் பறிக்கப்பட்ட முகத்தை, பறித்த கையே கொண்டுவந்து கொடுத்தது. அவமானத்தின் சாட்சியாக எடுக்கப்பட்ட படமானாலும், இளமையில் தான் எப்படியிருந்தேன் என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு படம். அதைப் பெற்றபோது அந்த மூதாட்டி என்ன நினைத்திருப்பாள் என்பதை எழுத நமக்கு உரிமையில்லை. படம் அதன் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது, அதைச் சொல்லலாம். கராஞ்சே 2020இல் காலமானார்.

முஹம்மத் குவாஸி 1996இல் மறைந்தார். புரட்சியின் முகத்தைப் பதிவுசெய்த அவருடைய படச்சுருள்களைக் காத்துவந்தவர் அவருடைய மனைவி ஸஃபியா. அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிரான்ஸில் பிறந்த கலைஞர் ஸைனப் ஸதீரா அவரைச் சந்தித்து 2010இல் ஒரு காணொளிப் படைப்பைச் செய்தார். அதன் பெயர் 'படங்களின் காவலாளிகள்'. ஒரு தேசத்தின் ஞாபகத்தை ஒரு விதவை தன் வீட்டில் வைத்துக் காத்திருக்கிறாள். கமெரா எடுத்தவனைப் பற்றி வரலாறு எழுதுகிறோம். எடுத்ததைத் தூசு தட்டி வைத்திருந்தவளைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

2019 பெப்ரவரியில் அல்ஜியர்ஸின் வீதிகள் மீண்டும் நிறைந்தன. நோயுற்ற ஜனாதிபதி ஐந்தாம் தடவையும் போட்டியிடக் கூடாதென்று வந்த இலட்சக்கணக்கானோரில், 1962ஐக் காணாத பிள்ளைகளே அதிகம். அவர்களின் கைகளில் பழைய படங்கள் இருந்தன. விலங்கிட்ட கையோடு புன்னகைக்கும் பென் மஹீதியும் அவர்களோடு நடந்தார். 1957இல் பிரெஞ்சுப் படையினர் தங்கள் வெற்றிக்கென எடுக்கச் செய்த படம், 62 வருடங்களின் பின் தனக்குரிய பெறுநரைக் கண்டுகொண்டது.

எமது ஊர்களிலும் பழைய அலுமாரிகளில், குர்ஆன் பிரதிகளுக்கும் காணி உறுதிகளுக்கும் இடையே, சில படங்கள் கிடக்கின்றன. எடுத்தவர் பெயர் தெரியாது. சிலவற்றில் இருப்பவர் பெயரும் தெரியாது. இடம்பெயர்ந்தபோது எடுத்து வந்தவையும் உண்டு; விட்டு வந்தவையும் உண்டு. அல்ஜீரியாவின் கதையைப் படித்து முடித்ததும் செய்யத் தோன்றியது ஒன்றே: அவற்றை வெளியே எடுத்து, வீட்டிலுள்ள மூத்தவரின் அருகே அமர்ந்து, 'இது யார்?' என்று கேட்பது. அவர் சொல்லும் பெயரைப் படத்தின் பின்புறத்தில் எழுதிவைப்பது. தபாலட்டைக்காரர்கள் ஒருநாளும் எழுதாமல் விட்டது அந்தப் பெயரைத்தான்.